செமி ஆட்டோமேட்டிக் எஸ்பிரெஸோ: முதல் செலவு இயந்திரத்துக்கா, கிரைண்டருக்கா?

வெண்ணுரை எழுதியது:

எங்கள் வீட்டில் நான்கு பேர். இன்றுவரை பித்தளை ஃபில்டரில் இறங்கும் டிகாஷன்தான். நைசான தூள்வழியே வெந்நீரை அழுத்தத்தோடு செலுத்தி இறக்கும் எஸ்பிரெஸோவை வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம் என்று முப்பதாயிரம் ரூபாய் ஒதுக்கி, நேற்று ஓர் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். 15 பார் அழுத்தம் (பார் என்பது அழுத்தத்தின் அலகாம்) என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. தனியாகக் கொட்டை அரைக்கும் கிரைண்டர் தேவையில்லை, எந்தத் தூளைப் போட்டாலும் நுரை வரும் என்கிறார் கடைக்காரர். ஆனால் கையிலுள்ள தொகையில் பாதியைக் கிரைண்டருக்கே வைக்க வேண்டும் என்று சென்ற மாதம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். (கிரைண்டர் என்றதும், மாவாட்டத்தான் ஒன்று இருக்கிறதே என்றார் என் மாமியார்.) யார் பேச்சைக் கேட்பது?

அரவைப்பித்தன் எழுதியது:

அப்படி எழுதியவன் நான்தான், சகோதரி. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த இயந்திரத்தோடு வருவது பெரும்பாலும் இரட்டைச் சுவர் பாஸ்கெட்டாக, அதாவது தூள் போடும் சல்லடைக் கிண்ணமாக, இருக்கும். கவிழ்த்துப் பாருங்கள்: உள்ளே சல்லடைபோல் துளைகள் நிறைந்திருந்தாலும், வெளிச்சுவரில் ஊசிமுனை அளவில் ஒரே ஒரு துளைதான் இருக்கும். நீரைத் தடுத்து அழுத்தத்தை உண்டாக்குவது அந்தத் துளையே, தூள் அன்று. ஆகவே தூள் நேற்று அரைத்ததா, மூன்று மாதங்களுக்கு முன் அரைத்ததா என்பது அந்த நுரைக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டில் தடுப்பு முழுவதும் அழுத்திவைத்த தூள் வில்லையிடமிருந்தே வந்தாக வேண்டும். அதற்கு அரைப்பின் நைசை இம்மியளவு கூட்டவும் குறைக்கவும் இடம்தரும் கிரைண்டர் இல்லாமல் முடியாது.

டபராசெட் எழுதியது:

காலை ஆறரை மணிக்கு நான்கு டம்ளர் காப்பி வைக்க வேண்டிய வீட்டில் இந்த உபதேசம் எப்படிச் செல்லுபடியாகும் என்பதே என் கேள்வி. கைக்கிரைண்டரில் 18 கிராம் கொட்டையை அவ்வளவு நைசாக அரைக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். பிறகு நிரவி, அழுத்தி, இறக்கி, வில்லையைத் தட்டி எறிந்து, மீண்டும் அடுத்த ஆளுக்குத் தொடங்க வேண்டும். ஒற்றைப் பாய்லர் இயந்திரத்தில் காப்பி இறக்கும் சூடு வேறு, பாலுக்கு ஆவி எடுக்கும் சூடு வேறு என்பதால் ஒவ்வொரு முறையும் காத்திருப்பு. இத்தனைக்கும் பிறகு அதில் பாலையும் சர்க்கரையையும் ஊற்றிக் குடிக்கப்போகிறார்கள். இரட்டைச் சுவர் பாஸ்கெட் என்பது ஏமாற்று அன்று. வேலைக்குப் போகிறவர்களுக்காகச் செய்த ஏற்பாடு. அது தருவதை எஸ்பிரெஸோ என்று அழைக்கக்கூடாது என்று சொல்ல நாம் யார்?

அரவைப்பித்தன் எழுதியது:

ஐயா, காலை நேரக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். பெயரைப் பற்றியது அன்று என் கவலை, கோப்பையைப் பற்றியது. என் குறிப்பேட்டிலிருந்து ஒரு நாளைச் சொல்கிறேன். ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டில், சிக்கரி கலக்காமல் கடையில் ஃபில்டருக்கென்று அரைத்து வாங்கிய தூள் 18 கிராம். விசையைத் தட்டிய மூன்றாம் நொடியே வெளிறிய நீர் கொட்டத் தொடங்கியது. 11 நொடியில் கோப்பையின் எடை 50 கிராமைத் தாண்டிவிட்டது. நாக்கில் புளிப்பு, பின்னால் ஒன்றுமில்லை. அதே கடையில் அதே வாரம் வறுத்த கொட்டையை வீட்டில் அரைத்தேன். அன்றைய முதல் முயற்சி 17 நொடி. அரைப்பின் நைசை மாற்றும் கிரைண்டர் திருகை இரண்டு கிளிக் இறுக்கியதும் ஏழெட்டு நொடிகள் ஒன்றும் வரவில்லை, பிறகு தேன் ஒழுகுவதுபோல் இறங்கி, 27 நொடியில் 36 கிராம். இயந்திரம் அதேதான், நீரும் அதேதான், அழுத்திய கையும் அதேதான்.

மறைக்காமல் ஒன்றையும் சொல்கிறேன்: அந்த நாளுக்கு முன், கை பழகுவதற்குள் கால் கிலோ கொட்டை குப்பைக்குப் போனது. சிக்கரி கலந்த தூளையும் ஒருமுறை போட்டேன். நீர் பட்டதும் பிசுபிசுத்து அடைத்துக்கொண்டது. அதை ஃபில்டருக்கே விட்டுவிடுங்கள்.

டபராசெட் எழுதியது:

27 நொடியும் 36 கிராமும் வேதவாக்கு அல்லவே. மிலான் நகரத்து லூயிஜி பெட்ஸேரா 1901இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் ஆவியழுத்தத்தால் இயங்கியது. அது தந்தது ஏறக்குறைய ஒன்றரை பார். கிரெமா என்று நீங்கள் கொண்டாடும் பொன்னிற நுரை அதில் கிடையாது. அரை நூற்றாண்டுக்கு அருகில் இத்தாலியர்கள் அதைத்தான் எஸ்பிரெஸோ என்று குடித்தார்கள். அளவுகோல் காலத்துக்குக் காலம் நகர்ந்திருக்கிறது. இன்றைய வீட்டு இயந்திரத்தோடு அது இன்னும் ஓர் அடி நகரட்டுமே.

அரவைப்பித்தன் எழுதியது:

நகர்ந்தது உண்மை, ஆனால் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பாருங்கள். அக்கிலே காஜியா 1948இல் நெம்புகோலும் சுருள்வில்லும் கொண்டு ஆவியை ஒதுக்கிவிட்டு எட்டு, ஒன்பது பாருக்குக் கொண்டுபோனார். 1961இல் வந்த ஃபேமா இ61 என்ற இயந்திரம் அதே அழுத்தத்தை மோட்டார் பம்பிடம் ஒப்படைத்தது. கிரெமா என்பது கொட்டைக்குள் வறுக்கும்போது சிறைப்பட்ட கரியமில வாயு, காப்பியின் எண்ணெயோடு சேர்ந்து எழுவது. அரைத்த தூளிலிருந்து அந்த வாயு விரைவாகவே ஓடிவிடுகிறது. பழைய தூளில் ஒற்றைத் துளை எழுப்பும் நுரை வெறும் காற்றுக்குமிழி. சர்க்கரையைத் தூவினால் உடனே அமிழ்ந்துவிடும். பால்காப்பிக்குத்தான் என்றால் கொஞ்சம் ரொபஸ்டா இனம் கலந்த கொட்டையை வாங்குங்கள். அராபிகா இனத்தைவிட நுரையும் கசப்பும் கூடுதல், பாலில் கரைந்து காணாமல் போகாது.

வால்வு எழுதியது:

நான் இந்த இயந்திரங்களைப் பிரித்துப் பழுது பார்ப்பவன். இருவருமே அந்தப் 15 பாரைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டீர்கள். அது, உள்ளிருக்கும் அதிர்வு பம்ப் நீர் செல்ல வழியே இல்லாதபோது எட்டக்கூடிய உச்சம். தூள் வில்லையின்மீது வேண்டியது ஒன்பது பார்தான்; மிஞ்சியதைத் திருப்பிவிட ஒரு வால்வு உண்டு. மலிவான சில இயந்திரங்களில் அதைத் தேவைக்கு மேல் இறுக்கி அனுப்புகிறார்கள், நீர் வில்லையில் ஓரிடத்தைத் துளைத்துக்கொண்டு ஓடுகிறது. பெட்டியில் பெரிய எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்.

எனக்கு வரும் பழுதுகளில் பெரும்பாலானவை தண்ணீரால் வந்தவை. போன வாரம் ஒரு பாய்லரைத் திறந்தால் உள்ளே முட்டையோடுபோல் வெள்ளைப் படிவம். ஆழ்குழாய்த் தண்ணீரை ஓராண்டு ஊற்றியிருக்கிறார்கள். உப்பு முழுவதும் நீங்கிய ஆர்ஓ தண்ணீரிலோ காப்பி சப்பென்று இருக்கும். வீட்டு ஆர்ஓ நீரில் கொஞ்சம் குழாய்நீரைக் கலந்து பயன்படுத்துபவர்களின் இயந்திரங்கள் என் மேசைக்கு அரிதாகவே வருகின்றன. கிரைண்டர் சண்டையில் நான் அரவைப்பித்தன் பக்கம், ஆனால் தண்ணீருக்கு அடுத்தபடியாகத்தான்.

டபராசெட் எழுதியது:

தண்ணீர் விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முப்பதாயிரத்தில் பதினைந்தாயிரத்தைக் கிரைண்டருக்குக் கொடுத்துவிட்டால், மிச்சத்துக்குக் கிடைக்கும் இயந்திரம் எப்படிப்பட்டதாக இருக்கும் என்பதை யாரும் சொல்லவில்லை. சூடு ஒரு நிலையில் நிற்காத இயந்திரத்துக்கு எவ்வளவு நல்ல அரைப்பைக் கொடுத்தும் என்ன பயன்? சகோதரிக்கு என் யோசனை: இந்த ஆண்டு இயந்திரமே வேண்டாம், ஃபில்டரே போதும்.

வெண்ணுரை எழுதியது:

இன்று மாலை மறுபடியும் கடைக்குப் போய் அந்தப் பாஸ்கெட்டைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரே துளை. ஒற்றைச் சுவர் பாஸ்கெட் கேட்டதற்கு, 51 மில்லிமீட்டர் அளவில் தனியாக வரவழைக்க வேண்டும் என்றார்கள். இயந்திரத்தை விட்டுவிட்டுக் கைக்கிரைண்டரை மட்டும் வாங்கி வந்தேன். பீபெரி (ஒற்றை மணிக்) கொட்டையைச் சற்றுப் பருமனாக அரைத்துப் பித்தளை ஃபில்டரில் போட்டதில், டிகாஷன் இறங்கும் முன்பே கூடம்வரை மணம் வந்துவிட்டது. மாமியார் இரண்டாம் டம்ளர் கேட்டார்.

டபராசெட் எழுதியது:

திருகை எத்தனையாவது கிளிக்கில் வைத்து அரைத்தீர்கள்?