அவசரம்: டுகாட்டி ஸ்போர்ட் டூரர், பழைய வண்டி. சூடானதும் நியூட்ரல் விழவில்லை. எடுக்கலாமா?

தூரவழி (இழை தொடங்கியவர்), வெள்ளி இரவு 10:40

நண்பர்களே, அவசர உதவி. ஞாயிறு காலை முன்பணம் தருவதாகச் சொல்லிவிட்டேன். டுகாட்டி ஸ்போர்ட் டூரர். இன்று மாலை ஓட்டிப் பார்த்தேன். அருமையாக இழுக்கிறது, உட்காரும் வாகும் பிடித்துவிட்டது. இரண்டு சந்தேகம். இருபது நிமிடம் ஓட்டிய பிறகு சிக்னலில் நின்றால் நியூட்ரல் விழவே மாட்டேன் என்கிறது. என்ஜினை அணைத்தால் உடனே விழுகிறது. அப்புறம், நிற்கும்போது வலது பக்கத்திலிருந்து தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். விற்பவர் "இந்த வண்டிகள் எல்லாமே இப்படித்தான்" என்கிறார். எடுக்கலாமா, விட்டுவிடலாமா?

வளைவுநேசன், வெள்ளி இரவு 10:52

எந்த மாடல் நண்பரே? ஸ்போர்ட் டூரர் (சுருக்கமாக எஸ்டி) வரிசையில் எஸ்டி2, எஸ்டி3, எஸ்டி4, எஸ்டி4எஸ் எல்லாம் வெளியே பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே என்ஜின் வேறு வேறு. எந்த ஆண்டு, எத்தனை கிலோமீட்டர்?

எண்ணெய்க்கை, வெள்ளி இரவு 10:58

மாடலோடு இதையும் சொல்லுங்கள். டைமிங் பெல்ட் (வால்வுகளை இயக்கும் ரப்பர் பெல்ட்) கடைசியாக எந்தத் தேதியில் மாற்றினார்கள்? கிலோமீட்டர் அல்ல, தேதி. சத்தம் கிளட்ச் லீவரைப் பிடித்திருக்கும்போதா, விட்டிருக்கும்போதா?

மின்னோட்டம், வெள்ளி இரவு 11:05

மற்றதெல்லாம் பிறகு. முதலில் ஒரு மல்டிமீட்டர் எடுத்துக்கொண்டு போங்கள். அந்தக் காலத்து இத்தாலிய வண்டிகளில் பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்தான் முதலில் போகும். எஸ்டி வரிசை, ஏப்ரிலியா ஃபுட்டூரா எல்லாவற்றிலும் இதே கதை. ஃபுட்டூராவில் பழுப்பு நிற கனெக்டர் ஒன்று உருகுவது ஓட்டியவர்கள் எல்லோருக்கும் தெரியும். என்ஜின் அணைந்திருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 4,000 ஆர்பிஎம்மில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டே பாருங்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் மஞ்சள் வயர்களின் கனெக்டரைக் கழற்றிக் கருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். நடு வழியில் நின்று வண்டியைத் தள்ளிய அனுபவத்தில் சொல்கிறேன்.

நெடுமலை, வெள்ளி இரவு 11:20

செயின் வண்டியில் நெடுந்தூரம் எதற்கு? இத்தாலி வண்டிதான் வேண்டும் என்றால் மோட்டோ குஸ்ஸி நோர்ஜே 1200 பாருங்கள். ஷாஃப்ட் டிரைவ். செயினுக்கு எண்ணெய் போட வேண்டாம், டைமிங் பெல்ட்டும் கிடையாது. வால்வ் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய நூலிழை இடைவெளி) வைக்க ஸ்பானரும் ஃபீலர் கேஜும் போதும், சாலையோரத்திலேயே வேலையை முடித்துவிடலாம். 1928-இல் ஜுசெப்பே குஸ்ஸி ஒற்றை சிலிண்டர் வண்டியில் வடதுருவ வட்டம் வரை போய் வந்தார். நோர்ஜே என்ற பெயர் அந்தப் பயணத்தின் நினைவாகத்தான் வந்தது.

எண்ணெய்க்கை, வெள்ளி இரவு 11:26

நெடுமலை அண்ணா, நோர்ஜே நல்ல வண்டிதான். ஆனால் 8 வால்வ் என்ஜின் வந்த தொடக்க ஆண்டு வண்டிகளில் டாப்பெட் (கேமுக்கும் வால்வுக்கும் இடையில் இருக்கும் பாகம்) தேய்ந்து, ரோலர் கிட் போட வேண்டி வந்தது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் கேட்டது வேறு வண்டியைப் பற்றி.

ஆதிஉறுப்பினர், சனி காலை 6:15

தம்பி, இங்கே வாரத்துக்கு ஒருவர் இப்படி வருகிறார். மாடல் தெரியாது, ஆண்டு தெரியாது, ஆனால் முன்பணம் தருவதாகச் சொல்லியாகிவிட்டது. எஸ்டி வண்டிகளைப் பற்றி இங்கே எத்தனையோ இழைகள் கிடக்கின்றன. ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. இந்த வண்டியை வைத்துக்கொள்ளப் பொறுமை வேண்டும். படிக்கவே பொறுமை இல்லாதவர் வேறு வண்டி பார்ப்பது நல்லது.

வளைவுநேசன், சனி காலை 7:02

ஐயா, அவசரத்தில் இருப்பவரிடம் இவ்வளவு கடுமை வேண்டாம். நாம் எல்லோரும் ஒரு நாள் இப்படித்தான் வந்தோம்.

தூரவழி, சனி காலை 8:31

மன்னிக்கவும், போனில் அடிக்கிறேன். எஸ்டி4எஸ், 2002. 38,000 கி.மீ. பெல்ட் 20,000-இல் மாற்றியதாகச் சொல்கிறார், பில் இல்லை. கடைசி சில ஆண்டுகளாக அதிகம் ஓட்டவில்லையாம். சத்தம் கிளட்சைப் பிடித்திருக்கும்போது கூடுகிறது, விட்டால் குறைகிறது. சூடாக இருக்கும்போது செல்ஃப் அடித்தால் கொஞ்சம் சோம்பலாகச் சுற்றுகிறது. சாவி ஒன்றுதான் கொடுத்தார்.

எண்ணெய்க்கை, சனி காலை 9:10

சரி, இப்போது பேசலாம்.

சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். எஸ்டி4எஸ்ஸில் இருப்பது டிரை கிளட்ச். பிளேட்டுகள் எண்ணெயில் ஊறாமல் காற்றில் நிற்கின்றன. லீவரைப் பிடித்ததும் அவை தளர்ந்து, அவற்றைச் சுற்றியிருக்கும் கூடான பாஸ்கெட்டின் பல்லில் மோதிக் கலகலக்கும். லீவரோடு சத்தம் மாறுகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதனால் அது கிளட்ச்தான். லீவரைப் பிடித்தாலும் விட்டாலும் மாறாத சத்தமாக இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். மூடியைக் கழற்றினால் பாஸ்கெட்டில் பிளேட்டின் காதுகள் எவ்வளவு ஆழமாகக் குழி போட்டிருக்கின்றன என்று கண்ணால் பார்க்கலாம்.

நியூட்ரல் வேறு விஷயம். என்ஜின் ஓடும்போது விழாமல், அணைத்தால் விழுகிறது என்றால் கிளட்ச் முழுமையாகப் பிரியவில்லை. முதல் சந்தேகம், லீவர் தள்ளும் ஃப்ளூயிடின் அழுத்தத்தால் கிளட்சைப் பிரிக்கும் ஸ்லேவ் சிலிண்டர்மேல். என்ஜினின் இடது பக்கம், முன் ஸ்ப்ராக்கெட் அருகில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு நீளமான புஷ் ராடு கியர்பாக்ஸுக்கு ஊடே வலது பக்கக் கிளட்சுக்குப் போகிறது. ஸ்லேவின் சீல் தேய்ந்து ஃப்ளூயிட் கசிவது இந்தக் காலத்து டுகாட்டிகளில் மிகச் சாதாரணம். ஒரு சோதனை செய்யுங்கள். வண்டி நன்றாகச் சூடான பிறகு, நியூட்ரல் விழாத நிலையில், லீவரை நான்கைந்து முறை வேகமாக அழுத்திவிட்டுப் பிடித்துப் பாருங்கள். விழுந்துவிட்டால் கோளாறு ஹைட்ராலிக்கில்: காற்று, பழைய ஃப்ளூயிட் அல்லது சீல். அப்போதும் விழாவிட்டால் பிளேட் வளைந்திருக்கலாம், பாஸ்கெட் தேய்ந்திருக்கலாம். ஹேண்டில்பாரில் இருக்கும் ஃப்ளூயிட் டப்பாவையும் பாருங்கள். உள்ளே கறுத்திருந்தால் பல ஆண்டுகளாக மாற்றவில்லை என்று பொருள். ஸ்ப்ராக்கெட் மூடிக்குக் கீழே ஈரமோ, பெயின்ட் கொப்புளித்த தடமோ இருந்தால் சீல் போய்விட்டது.

இவை இரண்டும் ஒரு வார இறுதியில் முடிகிற வேலை. என்னைப் பயமுறுத்துவது பெல்ட். எஸ்டி4எஸ்ஸுக்குக் கம்பெனி சொல்வது 20,000 கி.மீ. அல்லது 2 ஆண்டு, எது முந்தினாலும். "20,000-இல் மாற்றியது" என்றால் அது எந்த ஆண்டு? வண்டி ஓடாமல் நின்றால் பெல்ட்டின் ரப்பர், புல்லி மேல் ஒரே இடத்தில் மடங்கி இறுகிப்போகும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், அந்த என்ஜினின் ஹெட்டை முழுவதும் பிரிக்க வேண்டி வரும். தேதியோடு பில் இல்லை என்றால் பெல்ட் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மின்னோட்டம், சனி காலை 9:24

சூடாக இருக்கும்போது செல்ஃப் சோம்பல் என்கிறாரே, கவனித்தீர்களா? ரெகுலேட்டர் சரியாகச் சார்ஜ் செய்யவில்லை. நான் சொன்னதுதான்.

எண்ணெய்க்கை, சனி காலை 9:31

இருக்கலாம். ஆனால் இந்த வண்டிகளில் பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிளே ஒல்லி. தடிமனான கேபிள் போட்டவுடன் சரியானவை நிறைய. மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம். சோம்பலாகச் சுற்றும்போது மறுபடி மறுபடி அடித்தால் ஸ்டார்ட்டரை என்ஜினோடு இணைக்கும் ஸ்ப்ராக் கிளட்சுக்கு நல்லதல்ல.

ஆதிஉறுப்பினர், சனி காலை 10:05

எல்லோரும் கிளட்சையே பிடித்துக்கொண்டு பெரியதை விட்டுவிட்டீர்கள். தம்பி, சாவி ஒன்று என்றாயே, எந்த நிறம்? அந்த ஆண்டு எஸ்டி4எஸ்ஸில் இம்மொபிலைசர் உண்டு, அதாவது சாவியை அடையாளம் காணாவிட்டால் ஸ்டார்ட் ஆகவிடாத மின்பூட்டு. புதிதாக வாங்கியபோது ஒரு சிவப்புச் சாவி, இரண்டு கறுப்புச் சாவி, கூடவே ஒரு கோடு கார்டு தந்திருப்பார்கள். புதுச் சாவியை வண்டிக்கு அறிமுகப்படுத்த சிவப்புச் சாவி வேண்டும். சாவியை வண்டி அடையாளம் காணாமல் போனால், கார்டில் இருக்கும் எண்ணைத் திராட்டில் வழியாகக் கொடுத்து ஸ்டார்ட் செய்யலாம். இரண்டும் இல்லாமல் ஒரே ஒரு கறுப்புச் சாவியோடு வண்டி வாங்குவது, அந்தச் சாவி தொலையும் நாள்வரைதான் நன்றாக இருக்கும். இரண்டையும் கேட்டு வாங்கு. "வீட்டில் எங்கேயோ இருக்கிறது" என்றால், அது கிடைத்த பிறகு முன்பணம் கொடு.

இன்னொன்று, ராக்கர், அதாவது கேம் தண்டு சுழலும்போது வால்வை அசைக்கும் சிறு கை. சிலிண்டருக்கு நான்கு வால்வ் உள்ள டெஸ்மோ (ஸ்பிரிங்கை நம்பாமல் ராக்கரே வால்வை மூடும் முறை) என்ஜின்களில் அந்த ஆண்டுகளில் ராக்கர் ஆர்மின் குரோம் பூச்சு உரியும். வால்வ் ஒன்றுக்குத் திறக்க ஒரு ராக்கர், மூட ஒரு ராக்கர். இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து எட்டு வால்வு, பதினாறு ராக்கர். கடைசியாக வால்வ் கிளியரன்ஸ் பார்த்தபோது ராக்கரையும் பார்த்தார்களா என்று கேள்.

வளைவுநேசன், சனி காலை 10:19

ஐயா, இதை நேற்றிரவே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். சாவி விஷயம் எனக்கே தோன்றவில்லை.

நெடுமலை, சனி பகல் 11:40

பதினாறு ராக்கர்! இதைத்தான் சொல்கிறேன். வால்வை மூட ஸ்பிரிங் போதும் என்று மற்ற எல்லோரும் முடிவு செய்து எத்தனை காலம் ஆகிறது. டெஸ்மோ எதற்கு?

வளைவுநேசன், சனி பகல் 12:08

டுகாட்டியின் பொறியாளர் ஃபாபியோ தாலியோனி 1956-இல் 125 ரேஸ் வண்டியில் டெஸ்மோவை வைத்தபோது அன்றைய ஸ்பிரிங்குகள் உயர் ஆர்பிஎம்மில் உடைந்தன, வால்வ் மிதந்தது. கேமே வால்வை இழுத்து மூடினால் அந்தப் பிரச்சினையே இல்லை. அங்கே பிறந்தது இது. அந்த என்ஜினைக் கையில் பிடித்து ஓட்டியவருக்குத்தான் அதன் இழுப்பு தெரியும்.

நெடுமலை, சனி பகல் 12:20

1956-க்கு அது சரி. டுகாட்டியே 2021 மல்டிஸ்டிராடா வி4-இல் ஸ்பிரிங்குக்குப் போய், வால்வ் சோதனையை 60,000 கி.மீ.க்குத் தள்ளிவிட்டது. நெடுந்தூர வண்டிக்கு எது வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

வளைவுநேசன், சனி பகல் 12:31

அது வேறு என்ஜின், வேறு தேவை. அதை வைத்து எஸ்டி4எஸ்ஸை எடைபோட முடியாது. நான் இருமுறை வால்வ் கிளியரன்ஸ் வைத்திருக்கிறேன். ஒரு முழு நாள் ஆகும், உண்மை. ஆனால் ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் அடுத்த முறை பெரிதாக நகர்வதில்லை.

எண்ணெய்க்கை, சனி பகல் 12:50

இந்த விவாதத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். தூரவழி, போகும்போது ஒன்று: நீங்கள் வரும் முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனவுடன் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறும்வரை காத்திருந்து பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். குளிர்ந்த நிலையில் அது எப்படி எழுகிறது என்பதுதான் உண்மையைச் சொல்லும். பெல்ட் மூடியில் சில போல்ட்டுகள்தான். கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். பல்லின் அடியில் வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிதல் இரண்டையும் பாருங்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். விற்பவர் எப்படிப் பராமரித்தார் என்பது அதில் தெரியும்.

மின்னோட்டம், சனி பகல் 1:15

மல்டிமீட்டரை மறக்க வேண்டாம்.

வளைவுநேசன், திங்கள் இரவு 9:00

என்ன ஆயிற்று நண்பரே?

தூரவழி, அடுத்த ஞாயிறு மாலை 6:47

தாமதத்துக்கு மன்னிக்கவும், எல்லோருக்கும் நன்றி. லீவரை நான்கு முறை அழுத்தியதும் நியூட்ரல் விழுந்தது. ஸ்லேவ் சிலிண்டருக்குக் கீழே ஈரம், ஃப்ளூயிட் காபி நிறம். 4,000-இல் 14.1 வோல்ட், வயர்களில் கருகல் இல்லை. சிவப்புச் சாவியும் கார்டும் பழைய ஆவணப் பையில் கிடைத்தன. அதே பையில் பெல்ட் பில்லும் இருந்தது: ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய தேதி. அதை வைத்துப் பேசினேன், பெல்ட் வேலைக்கும் ஸ்லேவுக்கும் ஆகும் தொகையைக் குறைத்துக்கொண்டார். வண்டியை ஓட்டாமல் வேறு வாகனத்தில் ஏற்றித்தான் கொண்டுவந்தேன். வால்வ் மூடியைத் திறந்ததில் ஒரு ராக்கரில் மட்டும் குரோம் உரியத் தொடங்கியிருக்கிறது.

எண்ணெய்க்கை, அதே நாள் மாலை 7:05

ஏற்றிக்கொண்டு வந்தது மிகச் சரி. அந்த ராக்கர் திறப்பதா, மூடுவதா? எந்த சிலிண்டர்? அது தெரிந்தால் கேமில் கீறல் விழுந்திருக்கிறதா என்று எங்கே பார்க்க வேண்டும் எனச் சொல்கிறேன். படம் போடுங்கள்.

ஆதிஉறுப்பினர், அதே நாள் இரவு 8:30

நன்றாகச் செய்தாய் தம்பி. உரிந்ததை மட்டும் மாற்றி மூடிவிடாதே. மற்ற பதினைந்தையும் நகத்தால் தடவிப் பார். விளிம்பில் நகம் தட்டினால் அதுவும் கிளம்பிவிட்டது. ஆயில் ஸ்ட்ரெய்னரை (எண்ணெய் வடிகட்டும் வலை) கழற்றிச் சுத்தம் செய், உரிந்த துகள் அங்கேதான் தங்கும். சிவப்புச் சாவியை வண்டியோடு வைக்காதே.