மரக்கறிப் பெட்டி கூட்டாக எடுப்பவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் அக்காமார், அண்ணாமார். நாங்கள் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். வீட்டில் ஆறு பேர், சம்பளம் ஒன்று. பருப்பு, சீனி, மா எல்லாம் சதொசவில் வாங்குகிறோம், அது சரி. கையைக் கடிப்பது மரக்கறிதான். கடையில் போஞ்சியும் கரட்டும் இருநூற்றைம்பது கிராமாகவே வாங்க முடிகிறது. லீக்ஸைத் தொடவே பயமாக இருக்கிறது.

2020இல் புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்குப் போன மெனிங் சந்தையில் மொத்தமாக எடுத்தால் மலிவு. ஆனால் ஒரு மூடை போஞ்சியை ஒரு வீட்டில் வைத்து என்ன செய்வது? பாதி அழுகிவிடும். ரொறன்ரோவில் ‘ஃபூட்ஷெயர்’ என்ற தொண்டு நிறுவனம் 1994இல் தொடங்கிய பெட்டித் திட்டத்தில் மொத்தமாக வாங்கி, பெட்டி பெட்டியாகப் பிரித்துக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். இங்கேயும் அயல் வீடுகள் சேர்ந்தால் நிச்சயம் முடியும் என்று நம்புகிறேன்.

கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, வெள்ளவத்தைப் பக்கம் யாராவது இப்படிச் செய்கிறீர்களா? காசை முன்கூட்டியே சேர்க்கிறீர்களா? ஓட்டோவா, லொறியா? நசிந்த தக்காளி யார் பங்கில் போகும்? சண்டை வருவது அதில்தானே. கோயில், பள்ளிவாசல், சேர்ச் வழியாக மலிவுப் பொதி கொடுக்கும் இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள். தராசும் பிரிக்க இடமும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. சேர விருப்பமானவர்கள் கீழே எழுதுங்கள்.