டைம்ஷேர்: கம்பெனியிடம் வாங்குவதா, ரீசேலில் வாங்குவதா? அமெரிக்காவிலிருந்து சில அனுபவங்கள்

எடிசன், நியூ ஜெர்சி

டைம்ஷேர் என்றால் ஒரு ரிசார்ட்டில் ஆண்டுதோறும் சில நாள் தங்கும் உரிமையை விலைக்கு வாங்குவது. அதை நாங்கள் ரீசேலில்தான், அதாவது பழைய உரிமையாளரிடமிருந்துதான் வாங்கினோம். டிஸ்னியின் டைம்ஷேரான டிஸ்னி வெக்கேஷன் கிளப், ஆர்லாண்டோவில் அனிமல் கிங்டம் வில்லாஸ் என்ற ரிசார்ட். இங்கே வாங்குவது பாயிண்ட் கணக்கில். ஒருமுறை வாங்கினால் ஆண்டுதோறும் அத்தனை பாயிண்ட் கணக்கில் விழும், அதைக் கொடுத்து அறை பிடிக்கலாம். கம்பெனியிடமே போவதா, பழைய உரிமையாளரிடமிருந்து வாங்குவதா என்று இழுபறியில் இருக்கும் குடும்பங்கள் நம்மவர்களில் நிறைய. அதனால் எங்கள் கணக்கை அப்படியே எழுதிவிடுகிறேன்.

எங்களுக்கு வேண்டியது அடுப்படி. அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்தால் எங்கே கூட்டிப் போனாலும் சாப்பாடுதான் பிரச்சினை. அம்மா முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடமாட்டார். அங்கே ஒரு பெட்ரூம் வில்லாவில் முழு அடுப்பு, பெரிய ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் உண்டு. காலையில் குக்கரை ஏற்றிவிட்டுப் பால்கனிக் கதவைத் திறந்தால் எதிரே ஒட்டகச்சிவிங்கி இலை மென்றுகொண்டு நிற்கும். விசிலை எண்ணுவதா, அதைப் பார்ப்பதா என்று அம்மா உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்துகொண்டிருப்பார். கீழே சனா என்ற உணவகத்தில் விதவிதமான ரொட்டிகளும் தொட்டுக்கொள்ள சட்னி, ராய்த்தா வகைகளும் கிடைக்கும். அப்பாவுக்கு அது போதும்.

இதையெல்லாம் விளம்பரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. வாங்கும் முன்பே வேறோர் உரிமையாளரிடம் பாயிண்டுகளை வாடகைக்கு எடுத்துத் தங்கிப் பார்த்தோம். யாராக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். வாடகைக்குத் தங்கியபோதே அலுத்துப்போனால் இரண்டு வழியிலும் வாங்க வேண்டாம்.

அப்புறம் விலை. கம்பெனியிடம் பாயிண்டுக்கு 200 டாலருக்கு மேல். எங்கள் ரிசார்ட் ரீசேலில் 100 டாலரை ஒட்டிக் கிடைத்தது. 150 பாயிண்ட் என்றால் 15,000 டாலர் வித்தியாசம். சின்னத் தொகை இல்லை. ஆனால் ஆண்டுதோறும் கட்டும் மெயின்டனன்ஸ் (பராமரிப்புக் கட்டணம்) இரண்டு வழியில் வாங்கியவர்களுக்கும் ஒன்றேதான். பாயிண்டுக்கு 9 டாலர் என்று வைத்தாலே 150 பாயிண்டுக்கு ஆண்டுக்கு 1,350 டாலர். அது பெரும்பாலும் ஏறத்தான் செய்யும். ஒப்பந்தம் முடிவது 2057 ஜனவரி 31. அதுவரை கட்டப்போவதைக் கூட்டினால் ரீசேல் விலையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டும். போனாலும் கட்ட வேண்டும், போகாவிட்டாலும் கட்ட வேண்டும். இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்து, அதன் பிறகும் சரி என்று தோன்றினால்தான் எங்கே வாங்குவது என்ற கேள்விக்கே வர வேண்டும்.

ரீசேலில் எதை இழக்கிறோம்? 2019 ஜனவரி 19 முதல் ரீசேலில் வாங்கியவர்கள், பழைய 14 ரிசார்ட்டுகளில் ஒன்றை வாங்கினால் அந்தப் பதினான்குக்குள்தான் பாயிண்டைப் பயன்படுத்த முடியும். ரிவியெரா, கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் ஹோட்டல் வில்லா, ஃபோர்ட் வில்டர்னஸ் கேபின் ஆகிய புதிய ரிசார்ட்டுகளுக்கு அந்தப் பாயிண்ட் செல்லாது. கப்பல் பயணத்துக்கும் மாற்ற முடியாது. உணவகத் தள்ளுபடி, எப்காட் தீம் பார்க்கில் உறுப்பினர் ஓய்வறை போன்ற சலுகைகளும் இல்லை. ஆனால் வாங்கிய ரிசார்ட்டில் 11 மாதம் முன்பே அறை பிடிக்கும் உரிமை யார் வாங்கினாலும் அப்படியே வரும். மற்ற ரிசார்ட்டுகளுக்கு 7 மாதம் முன்புதான். எங்களுக்கு அந்தப் பால்கனிதான் வேண்டும் என்பதால், இழந்ததில் எதுவும் எங்கள் கணக்கில் இல்லை.

வாங்கும் முறை மெதுவானது, ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. புரோக்கர் மூலம் விலை பேசி ஒப்பந்தம் போட்டதும் அது டிஸ்னிக்குப் போகும். அதே விலைக்குத் தாங்களே எடுத்துக்கொள்ளும் முதல் உரிமை அவர்களுக்கு உண்டு. பதில் வர ஒரு மாதம் வரை ஆகலாம். அவர்கள் விட்டுக்கொடுத்த பிறகு பத்திர வேலையைப் பார்க்கும் டைட்டில் கம்பெனி 'எஸ்டாப்பல்' என்ற சான்றைக் கேட்டு வாங்கும். எத்தனை பாயிண்ட் மிச்சம், மெயின்டனன்ஸ் பாக்கி உண்டா, கடன் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். ஊரில் மனை வாங்கும்போது வில்லங்கச் சான்று பார்ப்போமே, அதைப் போல. பணம் அதுவரை எஸ்க்ரோ என்ற பொதுக் கணக்கில் இருக்கும். நேராக விற்பவர் கைக்குப் போகாது. கடைசியில் ஃபுளோரிடாவின் ஆரஞ்ச் கவுண்டியில் பத்திரம் பதிவாகும். பதிவானதை இணையத்திலேயே பார்க்கலாம். நாங்கள் பார்த்துவிட்டுத்தான் நிம்மதியாகத் தூங்கினோம்.

டாலஸ்

நாங்கள் அதே கிளப்பில் கம்பெனியிடமே வாங்கினோம், இன்றுவரை திருப்தியாக இருக்கிறோம். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது பிடிக்காது. புதிதாகக் கட்டும் ரிசார்ட்டில் எல்லாம் தங்க வேண்டும். அதற்கு ரீசேல் பாயிண்ட் உதவாது. 150 பாயிண்டை நேரடியாக வாங்கியதால் உறுப்பினர் சலுகைகளும் கிடைத்தன. விற்பனைப் பெண்மணி எங்களை அவசரப்படுத்தவே இல்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், ரீசேல் கட்டுப்பாடு பற்றியும் மறைக்காமல் சொன்னார். வாங்கிய கொஞ்ச நாளிலேயே பாயிண்ட் கணக்கில் வந்துவிட்டதால் அந்த விடுமுறைக்கே பதிவு செய்ய முடிந்தது.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நாங்கள் வாங்கியது ரிவியெரா. அதை நாளைக்கு விற்றால், வாங்குபவர் அதை ரிவியெராவில் மட்டும்தான் பயன்படுத்த முடியும். அதனால் அவர் கொடுக்கும் விலையும் குறையும். கடைசிவரை வைத்துக்கொள்வோம் என்று உறுதியாக இருப்பவர்களுக்குத்தான் இந்த வழி. எடிசன் நண்பருக்கு ஒரு கேள்வி: ரீசேலில் ஒப்பந்தங்களைத் தேடும்போது விலை தவிர எதைப் பார்த்தீர்கள்? என் தம்பி இப்போது தேடிக்கொண்டிருக்கிறான்.

டாம்பா

டிஸ்னிக்கு மறுவிற்பனை மதிப்பு இருப்பதால் மேலே இருவருமே நிதானமாகப் பேச முடிகிறது. மற்ற டைம்ஷேர்கள் பலவற்றின் நிலை வேறு.

என் தங்கை குடும்பம் ஆர்லாண்டோ போனபோது, தீம் பார்க் டிக்கெட் தள்ளுபடி தருகிறோம், காலைச் சாப்பாடு தருகிறோம், 90 நிமிடம் உட்கார்ந்தால் போதும் என்று ஒரு கம்பெனி அழைத்தது. பெயர் வேண்டாம். மதியம் தாண்டியும் விடவில்லை. ஒருவர் பேசி முடித்தால் அவருடைய மேலாளர் வருவார், அவர் போனால் இன்னொருவர். குழந்தை பசியில் அழுகிறது. "இந்த விலை இன்றைக்கு மட்டும்தான்" என்று தாளில் ஒரு எண்ணை எழுதி, அடித்து, கீழே சின்ன எண் எழுதி, அதையும் அடித்து, கடைசியில் 22,000 டாலர். கடனும் அவர்களே தருவார்கள், 15 சதவீதத்துக்கு மேல் வட்டி. மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இரவு என்னிடம் போனில் சொன்னார்கள். அதே ரிசார்ட்டின் பெயரைப் போட்டு ரீசேலில் தேடினோம். அதே அளவு அறை, அதே வாரம், ஒரு டாலருக்கு விற்பனைக்கு இருந்தது. ஒரே ஒரு டாலர். மெயின்டனன்ஸை யாராவது தலையில் ஏற்றிக்கொண்டால் போதும் என்று உரிமையாளர் காத்துக்கொண்டிருந்தார்.

ஃபுளோரிடாவில் சட்டம் நமக்குத் துணை இருக்கிறது. கையெழுத்திட்ட நாள், அல்லது கடைசி ஆவணம் கைக்கு வந்த நாள், இவற்றில் எது பின்னால் வருகிறதோ அதிலிருந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். இந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதி வாங்கினாலும் அது செல்லாது. போனில் சொல்லிப் பயனில்லை, எழுத்தில்தான் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இருந்த முகவரிக்கு மறுநாளே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பச் சொன்னேன். தபால் ரசீதைப் பத்திரப்படுத்தினார்கள். கட்டிய முன்பணம் முழுதும் திரும்பி வந்தது. மாநிலத்துக்கு மாநிலம் நாள்கணக்கு மாறும்; நெவாடாவில் 5 நாள்தான். லாஸ் வேகாஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊர் திரும்பி யோசிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

ஹூஸ்டன்

விற்கும் பக்கத்திலிருந்து ஓர் எச்சரிக்கை. எங்கள் கோயிலுக்கு வரும் பெரியவர் ஒருவரிடம் மெக்சிகோவில் பழைய டைம்ஷேர் ஒன்று இருந்தது. ஒரு நாள் போன். "உங்கள் வாரத்தை நல்ல விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது, வரியை மட்டும் முதலில் கட்டிவிடுங்கள்." எவ்வளவு, எங்கே, எத்தனை பெட்ரூம் என்று எல்லா விவரமும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. நல்லவேளை, மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று நிறுத்தினார். மகள் அனுப்ப விடவில்லை.

இது ஏதோ சில்லறைத் திருட்டு இல்லை. ஹலிஸ்கோ நியூ ஜெனரேஷன் என்ற மெக்சிகோ போதைக் கும்பலுக்காக அந்நாட்டின் புவெர்ட்டோ வயார்ட்டா நகரிலிருந்து இதே மோசடியை நடத்தியவர்கள்மீது 2023-இல் அமெரிக்க நிதித்துறை தடை விதித்திருக்கிறது. பெரும்பாலும் வயதான அமெரிக்கர்களைத்தான் குறிவைக்கிறார்கள். ஒழுங்கான ரீசேல் புரோக்கர், விற்று முடிந்த பிறகுதான் கமிஷன் எடுத்துக்கொள்வார். முன்னால் பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். உங்கள் அப்பா அம்மாவிடமும் மாமனார் மாமியாரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

எடிசன், நியூ ஜெர்சி

டாலஸ் நண்பரின் தம்பிக்கு. முதலில், நடப்பு ஆண்டின் பாயிண்ட் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் இந்த ஆண்டையும் தீர்த்து, அடுத்த ஆண்டுப் பாயிண்டையும் முன்கூட்டியே எடுத்துச் செலவழித்திருந்தால், விலை குறைவாகத் தெரியும்; ஆனால் இரண்டு வருடம் எங்கும் போக முடியாது. அந்த ஆண்டுகளின் மெயின்டனன்ஸை யார் கட்டுவது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

அடுத்தது 'யூஸ் இயர்' மாதம். பாயிண்டுகள் எந்த மாதத்தில் கணக்கில் விழும் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். மிச்சப் பாயிண்டை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முதல் எட்டு மாதம்தான் அவகாசம். கோடை விடுமுறைக்குப் போகும் குடும்பம் ஆகஸ்ட் மாத ஒப்பந்தத்தை வாங்கினால், ஜூலைப் பயணம் அந்த ஆண்டின் கடைசி மாதத்தில் விழும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து பயணத்தை ரத்து செய்தால் பாயிண்டைத் தள்ளிவைக்க வழியில்லை, அந்த மாதத்தோடு காலாவதியாகும். அதனால்தான் நாங்கள் கொஞ்சம் விலை கூட இருந்தாலும் ஏப்ரல் மாத ஒப்பந்தம் வரும்வரை காத்திருந்து வாங்கினோம்.