மறு: பார்ட்டிசிபேட்டரி மேப்பிங்: 'ஊர்ப்பட'த்தைத் திரும்பப் பெறுகிறேன்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். அரையாண்டு விடைத்தாள் கட்டு இரண்டு மேசையில் கிடந்ததால் நான்கு நாளாக இந்தப் பக்கம் வர முடியவில்லை. அதற்குள் 18 மடல்கள்! எல்லாவற்றையும் படித்துவிட்டேன். பார்ட்டிசிபேட்டரி மேப்பிங்குக்கு, அதாவது ஓர் இடத்தில் வாழ்பவர்களே அந்த இடத்தைப் படமாக வரைவதற்கு, போன வாரம் நானே கொடுத்த 'ஊர்ப்படம்' என்ற சொல்லை இந்த மடலில் நானே திரும்பப் பெறப் போகிறேன். அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள் தாங்கள் வாழும் பகுதியைத் தாங்களே அளந்து, படம் வரைந்து, கிராம சபைக்கோ வார்டு உறுப்பினரிடமோ கொண்டுபோவதற்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பார்ட்டிசிபேட்டரி மேப்பிங் என்பதற்குப் 'பங்கேற்பு நிலவரைபடமாக்கல்' என்று போட்டிருக்கிறேன். சரியா?

பொருளில் தவறில்லை. ஆனால் எழுத்தெண்ணிப் பார்த்தேன், 15 வருகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அதைக் கரும்பலகையிலிருந்து நோட்டில் இறக்குவதற்குள் மணி அடித்துவிடும்.

நீளத்தைவிட 'வரைபடம்'தான் எனக்குத் தொல்லை. கணக்கு வகுப்பில் கிராஃபுக்கும் அதே சொல். காலையில் கணக்கு ஆசிரியர் வரைபடத்தாள் கொண்டுவரச் சொன்னால், மதியம் என் வகுப்பிலும் பிள்ளைகள் அதையே எடுத்து வைக்கிறார்கள். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் 'நில' முன்னால் வந்து ஒட்டிக்கொண்டு 'நிலவரைபடம்' ஆயிற்று. பழைய புத்தகங்களில் 'தேசப்படம்' இருந்தது. மேடு பள்ளம் முதல் சாலை வரை காட்டும் டோப்போஷீட்டை நம் பாடநூல் 'தலப்படம்' என்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய அம்மா நினைவூட்டியதுபோல் அங்கே அது 'இடவிளக்கப்படம்'. இந்த மூன்றிலும் 'படம்' தனியாகவே வேலையை முடித்துவிடுகிறது, 'வரை' தேவைப்படவில்லை. நம் சொல்லும் அப்படி முடிந்தால் போதும்.

இனி 'பங்கேற்பு'. பங்கேற்பு என்றால் வேறு யாரோ நடத்துவதில் நாம் போய்க் கலந்துகொள்வது. திருமணத்தில் பங்கேற்றேன் என்று விருந்தாளி சொல்லலாம், மாப்பிள்ளை சொன்னால் சிரிப்பார்கள். இங்கே அளப்பதும் வரைவதும் பிள்ளைகளேதான். அவர்கள் எதில் பங்கேற்கிறார்கள்? ஆங்கிலச் சொல் வந்த வழி வேறு. 1980களின் இறுதியில் வளர்ச்சித் திட்டக்காரர்கள் கிராமங்களுக்குப் போய், மக்களைக் கூட்டி, தரையில் கோலமாவையும் விதைகளையும் வைத்துப் படம் போடச் சொன்னார்கள். திட்டம் அவர்களுடையது, மக்கள் பங்கேற்றார்கள். அந்த இடத்துக்கு அந்தச் சொல் பொருந்தும். தொண்டு நிறுவனத்தார் அதைச் 'சமூக வரைபடம்' என்று இன்றும் சொல்கிறார்கள். இருக்கட்டும், அது அவர்கள் வேலைக்கு உதவுகிறது.

> சுருக்கமாக 'மக்கள் படம்' என்று வைத்தால் என்ன?

நல்ல யோசனைதான். பக்கத்து மொழிகளிலும் அந்தத் திசையில் போயிருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துக் கல்லியாசேரியில், சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் பரப்பும் அமைப்பின் தன்னார்வலர்கள் ஊராட்சி முழுக்க நடந்து நிலத்தையும் நீரையும் படமாக்கினார்கள். மலையாளத்தில் அதற்கு 'விபவ பூபடம்' என்று பெயர், வளங்களின் படம். பின்னால் 1996இல் வந்த மக்கள் திட்டமிடல் இயக்கத்துக்கு இந்த முயற்சிகள் வழி போட்டன. கர்நாடகத்தில் பிள்ளைகளுக்கென்றே தனியாக 'மக்கள கிராம சபை' நடத்துகிறார்கள். கன்னடத்தில் மக்கள் என்றால் குழந்தைகள். நமக்கும் அந்தப் பொருள் தொலைந்துவிடவில்லை. 'மக்கள்மெய் தீண்டல்' என்று வள்ளுவர் சொன்னது பிள்ளைகளைத்தான். எனக்கே கொஞ்சம் ஆசை வந்தது. ஆனால் இன்றைக்குக் கட்சி, டிவி, மருந்துக்கடை என்று எதன் தலையிலும் 'மக்கள்' ஒட்டியிருக்கிறது. 'மக்கள் படம்' என்றால் பொங்கலுக்கு ரிலீஸா என்று கேட்பார்கள்.

சரி, என் சொல்லுக்கு வருகிறேன். 'ஊர்ப்படம்' என்று எழுதியிருந்தேன். நகரத்துப் பிள்ளைகளுக்கு ஒட்டாது என்று சென்னை நண்பர் சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. 'எந்த ஊர்?' என்று கேட்டால் சென்னைக்காரரும் 'சென்னை' என்றுதான் சொல்கிறார். ஆனால் வேறொருவர் ஒரே வரியில் எழுதியிருந்தார்:

> ஊர் என்றால் யார் ஊர்? காலனி அதில் சேர்த்தியா?

இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை. தாள் திருத்தம் ஒரு சாக்குத்தான். சென்ற ஆண்டு என் வகுப்பில் நடந்தது நினைவுக்கு வந்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்பு, ஐந்து குழுக்கள், குழுவுக்கு ஒரு சார்ட் தாள். அளக்கத் தப்படிக் கணக்கு. முதலில் பள்ளி மைதானத்தில் 100 மீட்டரை நாடாவால் அளந்து, அதை எத்தனை தப்படியில் கடக்கிறோம் என்று ஒவ்வொருவரும் எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவனுக்கு 140, ஒருத்திக்கு 155. தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 20 மீட்டர். அளவையை இப்படிக் காலால் கற்றவர்களுக்கு 1:2000 என்று எழுதினால் பயமில்லை. தலைப்பு நான் கொடுத்ததுதான்: 'எங்கள் ஊர்'.

நான்கு குழுவின் தாள்களில் கோயில், குளம், பள்ளி, ரேஷன் கடை எல்லாம் நடுவில் இருந்தன. தெற்கே வாய்க்கால் மதகோடு தாள் முடிந்துவிட்டது. மதகுக்கு அப்பால் அரைக் கிலோமீட்டரில்தான் காலனி. யாரும் வேண்டுமென்று விடவில்லை. 'ஊர்' என்று சொன்னேன், ஊரை வரைந்தார்கள். ஒரு தாளில் மட்டும் ஓரத்தில் ஒரு அம்புக்குறி போட்டு 'காலனிக்குச் செல்லும் வழி' என்று எழுதியிருந்தது. ஐந்தாவது குழுவில் காலனிப் பிள்ளைகள் மூன்று பேர். அவர்கள் தாளின் நடுவில் இருந்தது அவர்கள் தெருவின் தண்ணீர்த் தொட்டி. பள்ளிக்கூடம் மேல் மூலையில், பாதி வெட்டுப்பட்டு. இரண்டுக்கும் நடுவில் வாய்க்கால் கரைப் பாதை முழுநீளத்துக்கு. அந்தப் பாதையில் எத்தனை மின்கம்பம், எதில் விளக்கு இல்லை என்று கம்பம் கம்பமாகக் குறித்திருந்தார்கள். மற்ற நான்கு தாள்களிலும் அந்தப் பாதையே கிடையாது.

ஐந்தையும் சுவரில் வரிசையாக ஒட்டியபோது நான் எதுவும் விளக்கவில்லை. விளக்கும் தைரியம் இருந்ததா என்பது வேறு. பிள்ளைகளே பார்த்தார்கள். அப்புறம் நான்கு குழுவும் மதகைத் தாண்டி இன்னொரு முறை நடந்தன.

ஆகவே 'ஊர்ப்படம்' வேண்டாம். அந்தத் தலைப்பே வரையப்போகும் எல்லையை முன்கூட்டி முடிவு செய்துவிடுகிறது என்று கண்ணால் பார்த்தும் அதே சொல்லைக் குழுவில் முன்வைத்தேனே என்றுதான் வருத்தம்.

அப்படியானால் எது? இரண்டாம் முறை நடந்தார்கள் என்று எழுதினேன் அல்லவா, அதிலிருந்துதான் எனக்கு வேறு ஒன்று தோன்றியது. சோழர் செப்பேடுகளில் நிலம் கொடுக்கும் இடத்தில் ஒரு வாசகம் வரும். நாகப்பட்டினத்து விகாரைக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த லெய்டன் செப்பேட்டிலும் உண்டு: 'பிடி சூழ்ந்து பிடாகை நடந்து கல்லுங் கள்ளியும் நாட்டி'. பெண் யானையை முன்னால் விட்டு, நாட்டார் பின்னால் நடந்து, எல்லையில் கல்லையும் கள்ளியையும் நட்டார்கள். ஓலை எழுதுவது அதற்கு அப்புறம்தான். இன்றைய வருவாய்த் துறையிலும் 'புலத்தணிக்கை' என்ற சொல் புழங்குகிறது. பதிவேட்டில் உள்ளதும் தரையில் உள்ளதும் ஒன்றுதானா என்று போய்ப் பார்ப்பது. ஆனால் தணிக்கை அதிகாரியின் சொல், பிள்ளைகளுக்குப் பொருந்தாது. 'பிடாகை நடை' அழகுதான். கேட்டவுடன் எழுந்து நிற்கத் தோன்றும், பொருள் மட்டும் விளங்காது. அதிலிருந்து நடையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நடைப்படம்.

ஆறு எழுத்து. நடைப்படம் வரைந்தோம், நடைப்படக் குழு, நடைப்படப் பயிற்சி. எல்லா வேற்றுமையும் தடையில்லாமல் ஏறுகிறது. யார் நடந்தார்களோ அவர்கள் படம். எதுவரை நடந்தார்களோ அதுவரை படம். எங்கே நடக்கவில்லை என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டு மறுப்புகள் வரும் என்று எனக்கே தெரியும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை என்ன செய்யும்? நியாயமான கேள்வி. ஆனால் தமிழில் நடை என்பது காலால் நடப்பது மட்டுமில்லையே. 'லாரி மூணு நடை அடிச்சுது', 'ஆஸ்பத்திரிக்கு ரெண்டு நடை போயிட்டு வந்தேன்' என்கிறோம். போய் வருவதெல்லாம் நடைதான். சக்கரம் ஏறாத இடங்களைக் குறித்த நடைப்படம் மற்றவற்றைவிடப் பயனுள்ளதாகவும் இருக்கும்.

அடுத்தது, இந்தக் காலத்தில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தே வரைந்துவிடலாமே என்பது. வரையலாம். 2010 ஜனவரியில் ஹெய்தியில் நிலநடுக்கம் வந்தபோது, உலகின் பல மூலைகளிலிருந்து நூற்றுக்கணக்கானோர் யார் வேண்டுமானாலும் வரையக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் தலைநகர் போர்ட்டோ பிரின்ஸின் தெருக்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே வரைந்தார்கள். மீட்புப் பணிக்கு அது உதவியது. அதற்குச் சில மாதம் முன்பு, 2009இல், கென்யத் தலைநகர் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் அங்கேயே வாழும் இளைஞர்கள் ஜிபிஎஸ் கருவியோடு சந்து சந்தாக நடந்து கழிப்பறையையும் தண்ணீர்க் குழாயையும் குறித்தார்கள். அதற்கு முன் இணைய வரைபடங்களில் அந்த இடம் வெற்றிடம். ஆங்கிலத்தில் இரண்டையும் மேப்பிங் என்றே சொல்லிவிடுகிறார்கள். நமக்கு ஏன் அந்தக் கட்டாயம்? தொலைவிலிருந்து வரைவது 'தொலைப்படம்' என்று இருக்கட்டும், போய் வரைவது நடைப்படம். கூரைகளை எண்ண வானத்திலிருந்து முடியும். எந்த விளக்கு எரியவில்லை என்பதைப் பகலில் எடுத்த செயற்கைக்கோள் படம் சொல்லாது.

குடிமையியலோடு இது எங்கே சேருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக் கதையை அவருக்குச் சொல்லலாம். 1960களின் இறுதியில் வில்லியம் பங்கி என்ற புவியியலாளரும், அப்போதுதான் பள்ளி வயதைக் கடந்திருந்த க்வெண்டலின் வாரன் என்ற கறுப்பினப் பெண்ணும் சேர்ந்து அங்கே ஒரு புவியியல் குழு நடத்தினார்கள். புறநகரிலிருந்து காரில் வேலைக்கு வந்துபோகிறவர்களின் வழித்தடத்தில் கறுப்பினக் குழந்தைகள் எங்கெங்கே அடிபட்டார்கள் என்று புள்ளி வைத்தார்கள். போலீஸிடமிருந்து அந்த விவரத்தை வாங்கவே அரசியல்வாதிகளைப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தப் படத்தின் தலைப்பிலேயே யார் யார்மேல் கார் ஏற்றுகிறார்கள் என்று எழுதிவிட்டார்கள். படம் வரைவது எந்த இடத்தில் குடிமைச் செயலாகிறது என்று பாடம் நடத்த எனக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்கவில்லை.

நம் பிள்ளைகளுக்கு ஒரு சட்டச் சிக்கல் உண்டு. கிராம சபை என்பது வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களின் சபை. 14 வயதுப் பிள்ளை தீர்மானத்துக்குக் கை தூக்க முடியாது. ஆனால் படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். எங்கள் பிள்ளைகளின் நடைப்படத்தை அக்டோபர் 2 கூட்டத்துக்கு ஒரு மாணவியின் அம்மா எடுத்துப்போனார். தாளை விரித்து, விளக்கில்லாத கம்பங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். மறுத்துப் பேச யாருக்கும் எதுவும் இல்லை. தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. ஏழு கம்பத்தில் இரண்டுக்கு விளக்கு வந்திருக்கிறது, மீதிக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இன்னொரு வழி பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போடுவதும் அவர்கள்தான். கையேட்டில் இந்த இரண்டு வழியையும் கட்டாயம் சேருங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபை நாட்கள் இருக்கின்றன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பள்ளி நாட்காட்டியோடு பொருத்திப் பார்த்தால் மார்ச்சும் மே மாதமும் தேர்வும் விடுமுறையும் என்று போய்விடும். அக்டோபரை மனத்தில் வைத்து ஆகஸ்டிலேயே நடக்கத் தொடங்குவது நல்லது. அதற்கப்புறம் டெல்டாவில் மழை, கரைப் பாதையில் கால் வைக்க முடியாது.

கையேட்டுக்கு என் வரையறை, திருத்தித் தாருங்கள்: 'நடைப்படம்: ஓர் இடத்தில் வாழ்வோர், தாங்களே சென்று பார்த்து அளந்து, தங்களுக்கு வேண்டியவற்றைக் குறித்து வரையும் படம்.' 'தங்களுக்கு வேண்டியவற்றை' என்பது சரியாக உட்காரவில்லை என்று தெரிகிறது. மேலான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.

பி.கு.: படத்திலுள்ள குறிகளுக்குப் பொருள் சொல்லும் லெஜண்டுக்குக் 'குறிவிளக்கம்', 'குறியீட்டு விளக்கம்' என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். என் வகுப்பில் தாளின் மூலையில் கட்டம் போட்டு அதற்குக் 'குறிப்பெட்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதற்கு நாளை தனி மடல் போடுகிறேன், இந்தத் தலைப்பில் கலந்துவிட வேண்டாம்.