ஸ்டூடியோ கம்ப்யூட்டருக்கு வேகமான டிஸ்க்: காசுக்கு ஏத்ததா?

சிப்புட் ஸ்டூடியோ:
வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சுங்கை சிப்புட்ல சின்னதா போட்டோ ஸ்டூடியோ வச்சிருக்கோம், பாஸ்போர்ட் படம், கல்யாணம், காதுகுத்து, திருவிழா வந்தா தோட்டத்துக் கோயில் வீடியோ, இதான் பொழப்பு. கம்ப்யூட்டர் பழைய ஐ5 நாலாவது தலைமுறை, எச்81 போர்டு, ரேம் 8 ஜிபி, டிஸ்க் 1 டிபி 5400 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 5400 சுத்து). காலைல ஆன் பண்ணிட்டு பசியாறிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. ஈப்போல ஒரு கடைல 7200 சுத்து டிஸ்க் போட்டா போதும்ங்கிறாங்க, இன்னொரு கடைல என்விஎம்இ, அதாவது போர்டுலயே நேரா மாட்டுற வேகமான சிப் டிஸ்க் போடுங்க, அதுக்கு மதர்போர்டும் மாத்தணும்னு நீட்டா பில்லு எழுதிக் குடுக்கிறாங்க. வூட்டுக்காரர் எல்லாம் யாவாரம்லா, சும்மா இருங்கிறார். எதுக்குத்தான் காசு போடலாம்?

செம்பனைக்காட்டான்:
தங்கச்சி, 7200க்கு ஒரு வெள்ளி கூட போடாதீங்க. டிஸ்க் அரைச்சுத்து வர்ற நேரம் 5400ல சராசரி 5.6 மில்லிசெகண்ட், 7200ல 4.2, ஹெட் நகர்ற நேரம் அதுக்கு மேல தனி. எஸ்எஸ்டிங்கிற சிப் டிஸ்க்ல சுத்துற சாமானே கிடையாது, 0.1 மில்லிசெகண்ட் பக்கத்துல வேலை முடிஞ்சிரும். விண்டோஸ் எழும்பும்போதும் படம் திருத்துற லைட்ரூம் தொறக்கும்போதும் ஆயிரக்கணக்குல குட்டிக்குட்டி பைலத் தேடித் தேடி எடுக்கணும், உங்களுது திணறுறது அங்கதான். டாஸ்க் மேனேஜர் தொறந்து பாருங்க, டிஸ்க் 100%லயே நிக்குதா? நின்னா சாதா சாட்டா எஸ்எஸ்டி (இப்ப இருக்கிற டிஸ்க் மாதிரியே வயர்ல மாட்டுறது) ஒண்ணு போதும். ரேம்தான் நிறைஞ்சு கிடக்குன்னா முதல்ல ரேம் போடுங்க.

கிள்ளான் எடிட்டர்:
அண்ணன் சொல்றது சரி ஆனா என்விஎம்இய ஒரேயடியா யாவாரம்னு சொல்லிட முடியாது. சாட்டா செகண்டுக்கு 550 எம்பிக்கு மேல ஏறாது, என்விஎம்இல ஜென்3 வகை 3500 வரைக்கும் ஜென்4 வகை 7000 வரைக்கும் போகும். நான் பெரிய பெரிய வீடியோ பைல ஒரு டிரைவ்லேருந்து இன்னொண்ணுக்கு மாத்திக்கிட்டே இருக்கிற ஆளு, எனக்கு நல்லாவே தெரியுது. ரெண்டு பக்கமும் வேகமா இருக்கணும், அது முக்கியம். மெஷின் எழும்புறதுல, ப்ரௌசர் தொறக்கிறதுல சாட்டாவுக்கும் இதுக்கும் வித்தியாசம் பெருசா தெரியாது.

தைப்பிங் டீச்சர்:
ஒரு விஷயம் விட்டுட்டீங்க. கேமரா கார்டு யுஎச்எஸ்-1 வகைன்னா அதோட உச்சமே செகண்டுக்கு 104 எம்பி, ரீடர் பழைய யுஎஸ்பி 2 போர்ட்ல சொருகியிருந்தா 40 கூட தாண்டாது. கல்யாணத்து கார்ட இறக்குறதுக்கு 7000 வேகத்துல டிரைவ் வாங்கினா குழாய்த்தண்ணிய அண்டாவுல பிடிச்ச கதைதான். நல்ல யுஎஸ்பி 3 ரீடர் ஒண்ணு வாங்குங்க, விலையும் கம்மி.

செம்பனைக்காட்டான்:
எச்81ல பெரும்பாலும் எம்.2ன்னு என்விஎம்இ சொருகுற எடமே இருக்காது, கார்டு போட்டு மாட்டினாலும் அதுலேருந்து விண்டோஸ் எழும்ப பயாஸ் (மெஷின் எழும்பும்போது போர்டுல முதல்ல ஓடுற புரோகிராம்) ஒத்துக்கணும், அதான் போர்டு மாத்தச் சொல்றான். இன்னொண்ணு, அந்த போர்டுல சாட்டா போர்ட் நாலுல ரெண்டுதான் 6 ஜிகாபிட், மத்த ரெண்டும் 3. மாத்தி சொருகினா பாதி வேகம் போயிரும், கடைக்காரன் மாட்டும்போது பக்கத்துல நில்லுங்க. மெஷின் நாலாவது தலைமுறை, விண்டோஸ் 11க்கு மைக்ரோசாப்ட் லிஸ்ட்லயே இல்ல, விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபரோட முடிஞ்சிருச்சு. இதுக்குப் போயி பெருசா செலவழிக்காதீங்க, எஸ்எஸ்டிய நாளைக்கு புது மெஷினுக்கு கழட்டிக்கிட்டுப் போலாம்.

சிப்புட் ஸ்டூடியோ:
பார்த்தேன் அண்ணே, 100%தான், எறங்கவே மாட்டேங்குது. ரேம் பாதிதான். 500 ஜிபி எஸ்எஸ்டி போதுமா, பழைய டிஸ்க தூக்கிப் போட்டுரவா?

கிள்ளான் எடிட்டர்:
ஐயோ போட்டுராதீங்க. விண்டோஸ், லைட்ரூம் கேட்டலாக், இப்ப ஓடிட்டு இருக்கிற வேலை இது மூணும் எஸ்எஸ்டில, முடிஞ்ச கல்யாணமெல்லாம் பழைய டிஸ்க்ல, 500 தாராளம். க்யூஎல்சின்னு மலிவா வர்ற எஸ்எஸ்டிய மட்டும் பார்த்து எடுங்க, அதுல வேகமா எழுதுற கேஷ்ங்கிற எடம் நிறைஞ்சதும் பெரிய பைல் எழுதும்போது ஹார்ட் டிஸ்க விட மோசமா இழுக்கும் சிலது. இன்னொரு காப்பி வெளி டிஸ்க்ல, வேலை முடிஞ்சதும் வயர கழட்டிருங்க, உங்க பக்கம் சாயங்காலம் ஆனா இடி என்ன போடு போடும்னு தெரியும்ல.