ஐந்து மாதமாகியும் பிரசவ அறை கண்ணை விட்டுப் போகவில்லை

செங்காங் அம்மா:
முதல் பிரசவம். ஆயுதம் போட்டுத்தான் பிள்ளையை எடுத்தார்கள். நஞ்சுக்கொடி விழுந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. திடீரென்று அறை நிறைய ஆட்கள். கணவரைப் பிள்ளையோடு வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒரு தாதி என் வயிற்றை அழுத்திக்கொண்டே இருந்தார். அவர் சட்டையில் குத்தியிருந்த சின்னக் கடிகாரம் என் முகத்துக்கு மேலே ஆடியது. மணி 3.40. என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. ஒன்றரை லிட்டர் ரத்தம் போனது மறுநாள்தான் தெரிந்தது.

உயிரைக் காப்பாற்றினார்கள், மறுக்கவில்லை. ஆனால் இரவு பால் கொடுக்க எழுந்தால் மணி பார்க்கவே பயமாக இருக்கிறது. அரசு பாலிகிளினிக்கில் கைக்குத் தேய்க்கும் மருந்து வாசனை பட்டதும் கால் மரத்துப்போகிறது. மாமியார் தேக்காவில் சாமான் வாங்கி வந்து காயம் கிண்டிக் கொடுத்து, 40 நாளும் தாங்கினார். அவரே "தாயும் பிள்ளையும் நல்லாத்தானே இருக்கீங்க, மறந்துடும்மா" என்னும்போது நான் என்ன சொல்வது? 16 வார விடுப்பு முடிந்து வேலைக்கும் போகிறேன். யாருக்காவது இப்படி இருந்ததா? எப்படிச் சரியானது?

ஈசூன் அக்கா:
தங்கச்சி, எனக்கு அவசர சிசேரியன். மூன்று வருடம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது உண்டானதும் டாக்டர் முன்னால் அழுதுவிட்டேன். அவர் பழைய பிரசவக் குறிப்பை எடுத்து, வரி வரியாக வாசித்து விளக்கினார். அந்த அவசரத்தில் இரண்டு மணி நேரம் கிடந்தேன் என்று நினைத்திருந்தேன், 25 நிமிடம்தான். அன்றைக்குத்தான் நெஞ்சு கொஞ்சம் அடங்கியது. நீயும் நேரம் கேட்டு வாங்கு, உட்கார்ந்து விளக்கச் சொல்.

இரட்டைப்பிள்ளை அம்மா:
பிரசவத்துக்குப் பிறகு நிரப்பச் சொல்லும் எடின்பரோ மனச்சோர்வுக் கேள்வித்தாளில் இருக்கும் 10 கேள்வியும் கடந்த 7 நாள் மனநிலையைத்தான் கேட்கும். பிரசவ அறையில் நடந்ததைக் கேட்காது. எனக்கு மதிப்பெண் குறைவாக வந்தது. அப்போ ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன், அது தப்பு. அதே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது என்று நீங்களாகவே சொல்லுங்கள். கேகே மருத்துவமனையில் பெண்களுக்கென்றே மனநலப் பிரிவு இருக்கிறது, பாலிகிளினிக் கடிதத்தோடு போகலாம். நடுராத்திரி தாங்க முடியாவிட்டால் சிங்கப்பூரின் தேசிய மனநல உதவி எண் 1771-க்குக் கூப்பிடுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

ஒரு அப்பா:
வெளியே பிள்ளையோடு நின்றவன் நான். கதவு திறக்கும்போதெல்லாம் தரையில் ரத்தம் தெரிந்தது. மனைவி கேட்கும்வரை சொல்லவில்லை. உங்கள் கணவரிடம் கேட்டுப் பாருங்கள், சகோதரி.

செங்காங் அம்மா:
கேட்டேன். அன்று போட்டிருந்த சட்டையை அவர் அப்புறம் தொடவே இல்லையாம். எனக்கு இதுவரை தெரியாது. ஆறாம் மாத ஊசிக்கு அவரும் விடுப்பு எடுத்து வருகிறார். அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுவேன். அக்கா, குறிப்பைக் கேட்டு மருத்துவமனைக்கும் எழுதிவிட்டேன்.