அப்பாவின் ரெட்டைக்குழல் துப்பாக்கியை விற்ற அனுபவம் – உங்களுக்கும் உண்டா?

அல்சூர்க்காரன்:
அப்பா ராணுவத்தின் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் (எம்.இ.ஜி.) ஓய்வு பெற்றதும் ஒரு வங்கியில் கன்மேனாகச் சேர்ந்தார். அந்த வேலைக்குச் சொந்தத் துப்பாக்கி வேண்டும் என்றார்கள். லைசென்ஸ் எடுத்து 12 போர் (bore, குழலின் அளவு) ரெட்டைக்குழல் ஒன்று வாங்கினார். போன வருடம் அவர் தவறிவிட்டார். காரியம் முடிந்த கையோடு அம்மா பீரோவைக் காட்டி, "இதை என்னடா பண்றது?" என்று கேட்டார்.

பழைய பைக்கை விற்பது மாதிரிதான் நினைத்தேன். ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போன் போட்டால், "கொண்டு வாங்க சார், பார்த்துக்கலாம்" என்கிறார். ரசீது உண்டா என்றால் பதில் மழுப்பல். ஆட்டோ பிடிக்கப் போனவனைப் பக்கத்து வீட்டு அண்ணன்தான் நிறுத்தினார். அவரும் பட்டாளத்தில் இருந்தவர். "லைசென்ஸ் அப்பா பேரில. நீ தூக்கிட்டு வாசலைத் தாண்டினா, லைசென்ஸ் இல்லாத ஆள் கையில துப்பாக்கி. வழியில யாராவது நிறுத்தினா என்ன சொல்லுவே?"

சரி என்று வெறுங்கையோடு, இறப்புச் சான்றிதழும் லைசென்ஸ் புத்தகமும் மட்டும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். ஏட்டு ஒருவர் வீட்டுக்கு வந்தார். குழலில் பொறித்த நம்பரையும் புத்தகத்து நம்பரையும் டார்ச் அடித்து ஒப்பிட்டார். நடுவில் ஓர் எண் துருவில் 3-ஆ 8-ஆ என்றே தெரியவில்லை. அம்மா தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் கால் மணி நேரம் தேய்த்தபின் 8 என்று வந்தது. அதுவும் 3 என்றிருந்தால் என் கதை வேறு. மீதமிருந்த ஏழு தோட்டாக்களையும் எண்ணி எழுதிக்கொண்டார். தோட்டாவுக்கும் அதே சட்டம்தான்.

1959 ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, வைத்திருக்கும் உரிமை போனதும் தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தபின் முறைப்படி விற்றுப் பணத்தை நாமே வாங்கிக்கொள்ளலாம். கெடு தாண்டினால் அரசுக்குப் போய்விடும். தங்கைகள் இருவரிடமும் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி, கமிஷனர் ஆபீசுக்கு நாலு நடை நடந்து கடைக்கு விற்று முடிக்க மூன்று மாதம் ஆனது. கிடைத்த தொகை அம்மாவின் ஒரு மாத மருந்துக்குக் கண்டது.

ஜெயநகர் மாமி:
எங்கள் மாமனாரிடம் மூன்று இருந்தன. 2019 திருத்தத்தில் ஒருவருக்கு இரண்டுதான் என்று ஆக்கிவிட்டார்கள், கூடுதலானதை ஒப்படைக்க ஒரு வருடம் கொடுத்தார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் விற்க வந்தால் விலை எங்கே நிற்கும்? "கத்திரிக்காய்கூட இதைவிட நல்ல விலைக்குப் போகும்" என்று மாமனார் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். லைசென்ஸில் அந்தத் துப்பாக்கியின் பதிவை நீக்கிவிட்டார்களா என்று நின்று பார்த்து வாங்கினோம். அதை விட்டால் கடையில் இருக்கும் துப்பாக்கி காகிதத்தில் உங்கள் வீட்டிலேயே இருக்கும்.

காக்ஸ் டவுன் தம்பி:
அண்ணே, கடைக்குப் பதில் நமக்குத் தெரிந்த ஒரு கன்மேனுக்கே கொடுக்கலாமா? எங்கள் சித்தப்பா விற்க நினைக்கிறார். அவர் நன்றாகத்தான் இருக்கிறார், லைசென்ஸும் நடப்பில் இருக்கிறது. கூர்க் நண்பன் ஒருவன் "எங்களுக்கு லைசென்ஸே வேண்டாம்" என்று சிரிக்கிறான்.

அல்சூர்க்காரன்:
கூர்க்கின் கொடவர் சமூகத்தாருக்கு அந்த விலக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிறது, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். நமக்கு அது செல்லாது, தம்பி. சித்தப்பா கன்மேனுக்கு விற்கலாம், அவரிடம் அதே ரகத்துக்கு லைசென்ஸ் இருந்தால். ஆனால் வாங்குபவரின் பெயர், விலாசத்தோடு முன்கூட்டியே ஸ்டேஷனுக்கு எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் கைமாற்றக் கூடாது. 70 வயது தாண்டியவர் என்றால் விற்பதற்கு முன் பிள்ளைகளைக் கேட்கச் சொல். வாரிசுக்கு மாற்றித்தரச் சொல்லி விண்ணப்பிக்க 2016 ஆயுத விதிகளில் இடம் உண்டு. எனக்கு வேண்டாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ஜெயநகர் மாமி:
தேர்தலுக்குத் தேர்தல் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்த ரசீதுகள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். எங்களுக்கு 2018 ரசீதுதான் கைகொடுத்தது, லைசென்ஸ் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது.

காக்ஸ் டவுன் தம்பி:
தோட்டா மாட்டும் தோல் பெல்ட்டையும் ஒப்படைக்கணுமா அண்ணே?

அல்சூர்க்காரன்:
வெறும் பெல்ட்டுக்கு எதுவும் வேண்டாம். அதற்கும் சேர்த்து ரசீது கேட்டேன், கடைக்காரர் சிரித்துவிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.